படுத்திருந்த தொட்டி

முட்டை பொரிக்கும் பண்ணை ஒன்றில் காலை எட்டு மணிக்கு மின்சாரம் நின்றது. மாலை ஆறு மணிக்குத்தான் திரும்பும். அதுவரை முட்டைகளுக்கு ஜெனரேட்டர்தான் சூடு தர வேண்டும்.

டீசல் தொட்டிக்குள் இறங்கிய அளவுகோல், "நூறு சென்டிமீட்டரில் பத்துதான் நனைந்தேன்" என்றது.

"ஆயிரம் லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, நூறு லிட்டர்" என்றது மடிக்கணினியிலிருந்த எக்செல் தாள். "மணிக்குப் பத்து லிட்டர். ஆறு மணிவரை தாங்கும்."

தொட்டி குறுக்கிட்டது. "தம்பி, நான் படுத்துக் கிடக்கும் உருளை. அடிவயிறு குறுகல். நீ சொல்வதில் பாதிதான் தேறும். இப்போதே டீசல் வாங்கச் சொல்."

"அண்ணே, போன வாரம் நீங்கள் சரிபாதி நிறைந்திருந்தபோது என் கணக்கு ஒரு சொட்டும் பிசகவில்லை. அன்றைக்கு மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தீர்களா?"

அது ஏன் சரியாக வந்தது என்று தொட்டிக்குத் தெரியவில்லை. வீணாகத்தான் பயப்படுகிறோமோ என்று டீசல் கேட்பதை விட்டுவிட்டது. வயிற்றில் டீசல் இறங்கிக்கொண்டே இருந்தது.

பகல் ஒரு மணி தாண்டியதும் ஜெனரேட்டர் இருமி, இருமி, நின்றது.

முட்டை ஓட்டை உள்ளிருந்து கொத்திக்கொண்டிருந்த குஞ்சு ஒன்று, "ஏன் குளிர்கிறது?" என்று கேட்டது.

"குளிராது" என்றது தாள். "இன்னும் ஐம்பது லிட்டர் இருக்கிறது."