பூட்டாத ஜீப்

ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ராமாமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் சென்னகிருஷ்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். மீசைக்குக் கீழே வந்த சிரிப்பை மறைக்க அவருக்கு அந்த நேரம் தேவைப்பட்டது.

"நா அப்பவே சொன்னனுங்ணா," என்றார் நசுருதீன். தோட்டத்துத் தேங்காயைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி அவர். காலையில் காய் பறிக்க ஆள் கூட்டி வந்தபோது, முதலில் பார்த்துப் போன் செய்தவரும் அவர்தான். "மலையடித் தோட்டம். சுத்தியும் ஒரு ஊடு கெடையாது. ஒரு சங்கிலியாச்சும் போட்டு வைங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்?"

சொன்னது அவர் மட்டுமல்ல. சக்கரத்தைத் தென்னையோடு சேர்த்துப் பூட்டச் சொன்னார்கள், கேமரா மாட்டச் சொன்னார்கள். சென்னகிருஷ்ணன் எதையும் செய்யவில்லை. காவலுக்கு இருந்த நாயைக்கூடக் கிணத்துக்கடவு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். தன் தோட்டத்தில் கை வைக்க எவனுக்குத் தைரியம் வரும் என்ற திமிர்தான் அவருக்கு என்று ஊர் பேசிக்கொண்டது.

ஆனால் வண்டிமேல் அக்கறை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஞாயிறு தவறாமல் வந்து துடைப்பார். பேட்டரி இறங்கிவிடாதபடி ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறும விடுவார். போன வாரம் டேங்க் நிறைய டீசல் ஊற்றினார்; ஓட்டாத வண்டிக்கு எதற்கு என்று நசுருதீன் கேட்டபோது டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தடத்தப் பாருங்ணா." நசுருதீன் குனிந்து காட்டினார். டயர் தடத்தின் இரண்டு பக்கமும் மண்ணில் காலடிகள் அழுந்தியிருந்தன. "வேலிக்கு வெளிய இட்டேரிப் பாதை வரைக்கும் தள்ளிட்டே போயிருக்கானுங்க. வாங்க, ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துரலாம். கேரளா பார்டரத் தாண்டறதுக்குள்ள புடிச்சுப்போடலாம்."

"வேண்டாம் நசுரு."

"ஏனுங்ணா?"

"போனது எங்கூட்டுப் பொருளு. ஸ்டேசன் படி ஏறுன வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

"ஜீப்புங்ணா அது! கோயல் வாசல்ல தொலைச்ச செருப்பாட்டப் பேசறீங்களே!"

சென்னகிருஷ்ணன் அதற்கும் அசையவில்லை. நசுருதீன் தலையை ஆட்டிக்கொண்டே காய் பறிப்பவர்கள் பக்கம் போனார்.

அதற்காகவே காத்திருந்தவள்போல ராமாமணி வெடித்தாள். "அது எம்பையன் ஓட்டுன வண்டிங்க. அவனத்தான் தொரத்துனீங்க. இப்ப அவன் வண்டியையும் களவு குடுத்துட்டுக் கல்லாட்ட நிக்கறீங்க!"

மகன் ரவிதேஜா வேறு சாதிப் பெண் ரித்திகாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும், "இனி இந்த வாசலில் நீ கால் வைக்கக் கூடாது" என்று சொன்னவர் அவர். பிடிவாதத்தில் ரவிதேஜாவும் அவருக்குப் பிறந்தவன்தான். ஜீப் சாவியை அவர் காலடியில் வைத்துவிட்டு மனைவியோடு ஈரோட்டுக்குப் பஸ் ஏறியவன், பிறகு ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஜீப்பை அவர் தோட்டத்துக்கு ஓட்டி வந்து நிறுத்தினார். கண்ணில் படக் கூடாது என்றுதான் நிறுத்தியிருக்கிறார் என்று ராமாமணியும் நினைத்திருந்தாள்.

"அம்மணி, இங்க வா." அவர் குரல் இறங்கியிருந்தது. "இது களவில்ல."

"பின்ன?"

"வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். தோட்டத்துல வைக்கக் கூடாதுன்னு சொன்னனா?"

அவள் விழித்தாள்.

"சொன்ன சொல்ல மாத்த முடியாது. அதான் வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்துனேன். சாவிய மோட்டார் ரூம் ஓட்டுச் சந்துல வச்சேன். எப்பவும் நாம வைக்கற எடம். நம்மூட்டு ஆளுகளத் தவுத்து வேற எவனுக்குத் தெரியும்? வண்டி இங்க நிக்கறது அவன் காதுக்குப் போவாமயா இருக்கும்? பூட்டுப் போட்டா, வராதன்னு அவனுக்கு இன்னொருக்காச் சொன்னாப்பல ஆயிரும். அதான் போடல."

"அப்ப எதுக்குங்க தள்ளிட்டுப் போவோணும்?"

"வெக்கந்தான். அப்பன் வண்டிய எடுக்கறவன் சத்தம் போட்டு ஓட்டிட்டா போவான்? எம்மவனாச்சே!"

ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவன் எறங்கி வந்துட்டான். இனி நாம எறங்குனா ஒண்ணும் கொறச்சலில்ல," என்றார் சென்னகிருஷ்ணன். "நாளைக்கே ஈரோட்டுக்குக் கெளம்பு. ஊர்க் கோயில் நோம்பிக்கு ரெண்டு பேரையும் நாமளே போய்க் கூட்டியாந்தரலாம். அப்படியே மருமவளுக்கு ஒரு நல்ல சீலையா எடு."

மருமகள் என்ற சொல் அவர் வாயில் அன்றைக்குத்தான் முதல் முறையாக வந்தது.

ராமாமணி மோட்டார் ரூமுக்கு ஓடினாள். மகன் சாவி எடுத்த இடத்தைத் தன் கையால் ஒரு முறை தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். கதவோரம் கிடந்த கல்லின்மேல் ஏறி, ஓட்டுச் சந்துக்குள் கையை விட்டாள்.

"என்ன அம்மணி, காலிதான?" வெளியிலிருந்து கேட்டார் சென்னகிருஷ்ணன். இப்போது அவர் சிரிப்பை மறைக்கவில்லை.

"ஏனுங்க... சாவி இங்கயேதான் இருக்குதுங்க."