கடல்கதவுக்கு ஒரே கை

குப்பத்தைக் காக்கும் கடல்கதவு தனபாக்கியத்தின் உள்ளங்கை பட்டால்தான் மூடும். ஆறு வருஷத்துக்கு முன் கதவின் இயந்திரம் அவளைத் தேர்ந்தெடுத்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பொன்னேரியில் பெற்ற தாய் செத்தபோதுகூட, புயல் வருகிறதென்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள்.

இன்று பாராட்டு விழா. அதிகாரி பொன்னாடையோடு நெருங்கினார்.

“நீங்க எங்களுக்குத் தெய்வம் மாதிரிம்மா.”

“தெய்வத்துக்குச் செத்துப்போக அம்மா கிடையாது சார். எனக்கு இருந்தாங்க.”

பொன்னாடையை நாற்காலியில் வீசிவிட்டு நேரே கதவிடம் போனாள். அவள் சொல்லுக்கும் அது கட்டுப்படும் என்பது அம்மா போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையை அழுத்தி வைத்தாள்.

“இனிமே இஷ்டப்பட்டு யார் கை வச்சாலும் நீ மூடணும்.”

விழாவுக்கு வந்திருந்த குப்பத்துப் பெண்கள் பக்கம் திரும்பினாள். “கட்டாயம் இல்லடி. மனசு இருக்கிறவங்க மட்டும் வாங்கடி.”

முதலில் மீன் விற்கும் லூர்து, செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கை பட்டதும் கதவு மூடியது. பின்னாலேயே வரிசை நீண்டது.

அதிகாரிக்கு முகம் வெளிறிவிட்டது. “எல்லார் கைக்கும் மூடும்னா, உங்களை எதுக்கும்மா இத்தனை வருஷம் இங்கயே பிடிச்சு வச்சிருந்தோம்?”

“அத எங்கம்மா உயிரோட இருக்கும்போதே யோசிச்சிருக்கணும் சார்.”

பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.