நாலு செகண்ட் ஸ்லோ

"அப்பா, நான் டிசைன் பண்ணின கடிகாரத்தோட டெஸ்டிங் இன்னியோட முடியறது. நாளைலேர்ந்து தினமும் நேரம் கேட்டு தொந்தரவு பண்ணமாட்டேன்" என்றாள் ப்ரீதி போனில், வாகட் ஃப்ளாட்டிலிருந்து.

ஊரின் இன்னொரு கோடியில், விஷ்ராந்த்வாடி வீட்டில், கிருஷ்ணஸ்வாமி மேஜைமேல் அவள் வைத்துவிட்டுப் போயிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு நாலு செகண்ட் ஸ்லோவா இருக்கேம்மா!"

"அப்படியா? அப்போ இன்னும் ஒரு மாசம் பார்க்கணும்ப்பா. நாளைக்கும் கூப்பிடறேன்." குரலில் உற்சாகம்.

போனை வைத்ததும் மனைவி விசாலம் கேட்டாள்: "சாட்டிலைட்டைப் பார்த்துத் தானே சரிபண்ணிக்கும்னேளே, அது எப்படி ஸ்லோவாகும்?"

"ஆகலை. மாப்பிள்ளை தருண் விட்டுட்டுப் போனப்புறம் அவளுக்குப் பேச நம்மளை விட்டா யாரு? சும்மா கூப்பிட்டா நீ அழறே. அதான் இந்தக் கடிகாரச் சாக்கு."

"அவ கண்டுபிடிச்சுட மாட்டாளா?"

"பண்ணினவளுக்குத் தெரியாதா? 'உங்க கண்ணுதான் தப்பு'ன்னு சண்டை போட்டாளா, பாரு!"