தெற்குச் சரிவில் ஓர் இடம்

இறந்தவர்களின் சாம்பலைக் குழியில் போட்டு, அதன் மேல் பைன் கன்று நடுவது ஸ்டெல்லாவின் வேலை. எல்லாரும் மலையுச்சிக்குக் கீழே, வடக்குச் சரிவில்தான் இடம் கேட்பார்கள். அங்கே ஈரம் உண்டு, மரம் மளமளவென்று வளரும். "எங்கப்பா இந்த வருஷம் ரெண்டடி வளர்ந்துட்டார்" என்று பிள்ளைகள் பீற்றிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

இருந்தும் தன் அம்மாவுக்கு அங்கேயே ஓர் இடம் பிடித்துவிட்டு, படுக்கையருகே வந்து சொன்னாள்.

"வேண்டாம்டி. என்னைத் தெற்குப் பக்கம் வை."

"அங்க ஒரே வெயில்மா. எத்தனை வருஷமானாலும் மரம் இடுப்புக்கு மேல வராது."

"தெரியும்." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அஞ்சு பிள்ளைங்களை வளர்த்தாச்சு. செத்தப்புறமும் நான் வளர்ந்து காட்டணுமா?"