அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்

ஓங்கி அறைந்ததில் தையல்காரியின் தலை அடுப்பு மேடையில் போய் மோதியது.

“இந்தச் சீக்கு எவன்கிட்டேர்ந்து வந்துச்சு? சொல்லுடி!”

புருஷனின் கையில் போன் இன்னும் சூடு ஆறவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் இப்போதுதான் பேசி வைத்தாள். கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் கர்ப்பப்பை வாயில் புற்றின் ஆரம்பம் தெரிகிறதாம். நாளைக் காலையே கம்பெனி கொடுத்த வைத்திய அட்டையோடு வந்துவிட்டால் காப்பாற்றிவிடலாமாம். தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம்.

உயிரைப் பற்றிச் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. கண்டவனோடு படுத்தால் வருகிற நோய் என்று எவனோ எப்போதோ உளறியதுதான் மண்டைக்குள் குதித்தது.

பெல்ட்டைக் கழற்றினான்.

அவன் தங்கை ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இவர்களோடு வந்து இருப்பவள். அண்ணி தைக்கிற அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். ஒரே கேட், ஒரே சங்கு. ஆனால் அண்ணி நிரந்தரம், இவள் காண்ட்ராக்ட். பரிசோதனையும் வைத்தியமும் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். துடைப்பம் பிடிக்கிறவளுக்கும் கர்ப்பப்பை உண்டு என்று முதலாளிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அண்ணி மேல் ஒரு தப்பும் இல்லை என்று கதறினாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தையல்காரி கண்ணாலேயே அதட்டி அடக்கினாள்.

தங்கையைத் தள்ளிவிட்டு அவன் வீசிய பெல்ட் தையல்காரியின் முதுகில் விழுந்தது. பிறகு தோளில், கழுத்தில். மேஸ்திரி முறைத்தாலே குழைகிற மனுஷன். வீட்டுக்குள் வந்தால் மட்டும் வீரத்துக்குக் கண்மண் தெரியாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். உதடு கிழிந்து ரத்தம் ரவிக்கையில் சொட்டியது. வாயே திறக்கவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் வெறியேற்றியது.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊர் சிரிக்க வேண்டாம், வீட்டிலேயே கிடந்து அழுகிச் சாகட்டும் என்று கத்தினான். ஆணியில் தொங்கிய அவள் அட்டையைப் பிடுங்கி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தீயில் காட்டினான்.

ஓரம் சுருளத் தொடங்கியது.

அவ்வளவுதான். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு கிடந்தவளுக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ! குக்கரைத் தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு குனிந்தவனின் மண்டையில் இன்னொன்று போட்டாள். சுவரோடு சரிந்தவன் எழப் பார்த்தான். விடவில்லை, மறுபடியும் போட்டாள்.

சாகவில்லை. ரத்தத்தில் கிடந்து முனகினான்.

தீயில் கையை விட்டு அட்டையை எடுத்தாள். விரல்கள் பொத்துப்போயின. பெயரும் நம்பரும் தப்பியிருந்தன. படம் இருந்த மூலை மட்டும் கருகிவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான் என்று நினைத்தாள்.

நாத்தனாரின் கையில் அதைத் திணித்தாள்.

“காலைல சீக்கிரம் கெளம்பு. இந்தத் தடவையும் பேர் கேட்டா, என் பேரையே சொல்லு.”