மூன்று பிடி அபராதம்

லவெர்ன் கையில் டைமனை வைத்துக்கொண்டே, இல்லாதவள் போல இஸ்பேடைப் போட்டு வெட்டினாள்.

அடுத்த சுற்றிலேயே அந்த டைமனை எல்லார் கண்ணுக்கும் தெரிய இறக்கினாள்.

டெட்ராய்ட்டில் எங்கள் தெருவில் வாங்கிய கடனைக்கூட மறப்பார்கள், இந்தக் கள்ளாட்டத்தை மறக்க மாட்டார்கள். மாட்டினால் மூன்று பிடி அபராதம், அதாவது ஜெயித்த மூன்று சுற்றுச் சீட்டுகள் எதிராளிக்குப் போகும். அதற்குமேல் ஆயுசுக்கும் கிண்டல்.

ஆனால் எதிரணியில் இருந்த கிளீட்டஸ் பேசாமல் வறுத்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆட்டமே அவனுக்காகத்தான். மூலைக் கடை வாசலில் துப்பாக்கி வெடித்த நாளிலிருந்து அவன் யாரோடும் பேசுவதில்லை என்று லவெர்ன்தான் என் கதவைத் தட்டித் தட்டிச் சொன்னாள். கள்ளாட்டம் அவனுக்கு ஆகாது, கண்டால் கத்திவிடுவான், மனப்பாரம் இறங்கும், அதற்கு நாலாவது கை வேண்டும் என்றாள்.

பாவம், கிளீட்டஸ் என்று நினைத்துக்கொண்டேன். தலையாட்டிவிட்டு அவள் பின்னால் வந்தேன்.

ஆட்டத்தில் கிளீட்டஸின் கூட்டாளி எர்ல் கூரையைப் பார்த்துச் சீட்டியடித்தான்.

நான் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏஸை இறக்கினேன். கிளீட்டஸ் இஸ்பேட் இரண்டைப் போட்டு அதை அள்ளிக்கொண்டான். அடுத்த சுற்றில் சாவகாசமாக ஆட்டின் ராணியை எடுத்து வைத்தான்.

என் ஏஸ்.

"அடப்பாவி, கையில ஆட்டினை வச்சுக்கிட்டா என் ஏஸை வெட்டுன? உனக்கு மீன் ஒரு கேடா? வை கீழ."

அதோடு நிற்கவில்லை. அவன் அப்பனையும் இழுத்தேன். அவர் சீட்டாடிய லட்சணமும் தெருவுக்கே தெரியும்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கிளீட்டஸ் மீனைக் கீழே வைத்தான்.

"வந்துட்டா பாரு நம்ம ஆர்லீன்," என்றான் லவெர்னிடம், என்னைக் காட்டி. ஊமையாகிப் போனவன் பேச்சு அத்தனை தெளிவாக இருந்தது.

"இவனாவது வாயை மூடுறதாவது," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை கோயில்ல பாஸ்டரையே பேசவிடலடி."

இந்த ஆட்டம் யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலைக் கடை வாசலில் விழுந்தவன் என் மகன். அவனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு என் குரலை நானே கேட்டது அன்றுதான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லவெர்ன் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். சந்தடி சாக்கில் கிளீட்டஸ் சீட்டுகளைக் கலைக்கப் பார்த்தான்.

அழுதுகொண்டே அவன் கையைத் தட்டிவிட்டேன். மூன்று பிடிகளை எண்ணி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.