மூன்றாவது பிளேயர்

இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கச் சொல்லும் கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மேசைமேல் மூன்று டிவிடி பிளேயர்களை வரிசையாக வைத்திருந்தார். மூன்றையும் ஒரே டிவியில் மாட்டியிருந்தார். பெரிய கம்பெனியின் பெயர் போட்ட முதலாவதன்மேல் நான் கை வைத்ததும், அவசரமாக மூன்றாவதைக் காட்டினார்.

“உங்களுக்கு இதுவே போதும் சார். எதுக்கு வீணா அதிகம் குடுக்கணும்?”

வியாபாரி பேசுகிற பேச்சா இது?

அதுவும் என்னிடம் மட்டும் வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார், பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல. என் மனைவி பக்கம் திரும்பினால் குரல் குசுகுசுவென்று ஆகிவிடுகிறது.

அவளைப் பார்த்தேன். அரைக்கிலோ வெங்காயத்துக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறவள், இன்று வாயைத் திறக்கவில்லை. கடைக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தேடவும் இல்லை. நேராக இந்த மேசைக்குத்தான் வந்தாள்.

எனக்கு அப்போதே உறுத்தியது.

ஷூ கம்பெனியில் முப்பது வருஷமாகச் செக்கிங் வேலை எனக்கு. ஒரு தையல் விட்டிருந்தால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. குறை உள்ள ஜோடியின் உட்புறம், யார் பார்வையிலும் படாத இடத்தில், சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பேன். அது பாதி விலைக்குப் போகும். ஏன் மலிவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதனால் மலிவு என்று யார் சொன்னாலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்ப்பேன்.

ஞாயிறு தவறாமல் சினிமாவுக்குப் போனவர்கள் நாங்கள். ஒரு வருஷமாகப் போவதில்லை. தியேட்டரில் சவுண்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பாட்டு வந்தால் காதைக் கிழிக்கிறது, பேசுவது ஒன்றும் விளங்குவதில்லை. “என்ன சொன்னான்” என்று அவளிடம் நாலு தடவை கேட்டதற்கு முன்சீட்டுக்காரன் திரும்பி முறைத்தான். இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு அவளும் சினிமாப் பேச்சை எடுக்கவில்லை. போன வாரம் திடீரென்று, வீட்டிலேயே படம் பார்க்கலாம், மலிவாக ஒரு பிளேயர் வாங்கலாம் என்று ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் எல்லோருமே ஒரு மாதிரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். மகள் போனில் முணுமுணுக்கிறாள். கம்பெனியில் கூடி நின்று பேசுகிறவர்கள், நான் பக்கத்தில் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். போகட்டும். ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் இவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. இவளும் ஒரு கடைக்காரரோடு சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றினால், அப்புறம் நான் யாரைத்தான் நம்புவது?

சோதிக்காமல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே படத்தின் ஒரே காட்சியை மூன்றிலும் போடச் சொன்னேன்.

ரயிலில் ஒரு கிழவருக்கும் டிக்கெட் பரிசோதகருக்கும் வாக்குவாதம். முதல் பிளேயரில் இருவரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசினார்கள். பெரிய கம்பெனியாம். இரண்டாவதும் அதே லட்சணம்தான். கடையில் இன்னும் நாலு டிவி இரைந்துகொண்டிருந்தது வேறு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவதைப் போடுவதற்கு முன்னால் கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். நான் பார்க்காததுபோல நின்றேன்.

கிழவர் பேச ஆரம்பித்தார்.

தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. கிழவர் தனக்குள் முனகியது, பரிசோதகர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது, ஒரு சொல் தப்பவில்லை. கீழே தமிழிலேயே எழுத்து வேறு ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்கெதற்கு? நான் என்ன பாஷை தெரியாத படமா பார்க்கிறேன்? கிழவர் டிக்கெட்டைச் சட்டைப்பை, பெட்டி, தொப்பி என்று தேடிவிட்டுக் கடைசியில் பரிசோதகரின் பையையே காட்டச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

திரும்பினால், அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியது. பாதி விலைக்கு இவ்வளவு தெளிவா? நடக்கிற காரியமா?

பிளேயரைத் தூக்கிப் பார்த்தேன். அடியில், பக்கவாட்டில், பின்னால் எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் குறை உள்ளே இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கும். அதை மறைக்கத்தான் இவர் அளவாக வைத்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று டிவியின் ரிமோட்டை எடுத்தேன்.

சத்தம் கூட்டும் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன்.

திரையின் ஓரத்தில் எண் வந்தது. ஒன்று.

ஒன்றா? அப்படியென்றால் இவ்வளவு நேரம்?

திரும்பக் குறைத்தேன். பூஜ்யம். கிழவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். கீழே எழுத்து ஓடியது. நான் எழுத்திலிருந்து கண்ணை எடுத்துக் கிழவரின் வாயை மட்டும் பார்த்தேன். ஒன்றுமே விளங்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். நானே சோதித்துக் கண்டுபிடிக்கிற குறையைத்தான் நான் நம்புவேன். அது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

திட்டு வாங்கத் தயாராக நிற்பவளைப்போல, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிமோட்டை மேசைமேல் வைத்தேன். அவள் காதருகே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னேன்.

“இதையே எடுத்துக்கலாம்.”

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.